நாற்காலிக்குச் சீட்டுப் போட்ட ஊர்

அன்றைக்கு அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

தலைமை தாங்கிய அதிகாரி ஒருவர். அவருக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்கிற எழுத்தர் ஒருவர். சர்வேயர் ஒருவர். பறவை பார்க்கிற சங்கத்திலிருந்து இரண்டு பேர். ஓட்டல், ரிசார்ட் நடத்துகிறவர்கள் சார்பில் இரண்டு பேர். காட்டூர் பக்கத்து விவசாயிகள் சார்பில் ஒருவர். சுற்றுலாப் படகு விடுகிறவர்கள் சார்பில் ஒருவர். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். சவுக்குத் தோப்பை வாங்கி வேலி போட்டவருடைய மேனேஜர் ஒருவர். ஆக மொத்தம் பதினொரு பேர்.

பன்னிரண்டாவது ஆள், கன்னியம்மா. பதின்மூன்றாவது ஆள், நான்.

வருகைப் பதிவேட்டில் பதினொரு கையெழுத்துதான் இருக்கிறது. கன்னியம்மா கையெழுத்துப் போடக் குனிந்தபோது எழுத்தர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க லிஸ்ட்லயே இல்லையேம்மா..."

ஆள் எதிரே நிற்கிறார். ஆனால் லிஸ்டில் இல்லை. இரண்டில் எது உண்மை? ஆபீஸைப் பொறுத்தவரை லிஸ்ட்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆபீஸ் என்றாலே எனக்குப் பயம். அன்றைக்கும் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் என்று எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் போனேன். யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால்? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். ஆனால் இந்த வாரம் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கன்னியம்மாவை நான் கன்னிக்கா என்றுதான் கூப்பிடுவேன். பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்துக்கு அடுத்த குடியிருப்பு அவருடையது. எங்கள் வீடுகளில் படகு உண்டு, வலை உண்டு. அவர்கள் வீடுகளில் இரண்டும் கிடையாது. கைதான். தண்ணீரில் இறங்கிக் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவி, விரலில் படுகிற இறாலை அப்படியே பிடித்துவிடுவார்கள். போட்டு வைக்க ஓலையில் முடைந்த ஒரு பை. அதற்குப் பெயர் பறி. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதனால் ஏரியில் இருக்கிறவரை அந்தப் பெண்கள் பேசுவதில்லை. கரைக்கு வந்ததும் மொத்தத்தையும் சேர்த்து வைத்துப் பேசுவார்கள்!

அவர்கள் குடியிருப்பிலிருந்து ஏரிக்குப் போகச் சவுக்குத் தோப்பு ஊடாக ஒரு ஒற்றையடித் தடம். பத்து நிமிட நடை. போன வருஷம் தோப்பு கைமாறியது. வாங்கியவர் சென்னைக்காரர். சனி, ஞாயிறு வந்து தங்குவதற்காம். முள்கம்பி வேலி வந்தது, இரும்பு கேட் வந்தது, கேட்டில் பூட்டும் 'தனியார் இடம்' என்று போர்டும் வந்தன.

இப்போது ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே என்கிறீர்களா? உடம்புக்கு நல்லதாக இருக்கலாம். இறாலுக்கு நல்லதில்லை. ஏரியில் தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் கைக்கு இறால் அகப்படும். பெரும்பாலும் அது விடியற்காலை. வாங்குகிற ஐஸ் வண்டியோ குடியிருப்பு வாசலில் காலை ஒன்பது மணி வரைதான் நிற்கும். சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் வண்டி போயிருக்கும். அப்புறம் அந்த இறாலை யார் வாங்குவார்கள்? தலை கறுத்துப்போனதைப் பாதி விலைக்குக் கேட்கிறவர்கள்தான் வாங்குவார்கள். கன்னிக்கா வீட்டில் வேறு வருமானம் கிடையாது. வீட்டுக்காரர் இல்லை. ஒரு மகள், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

மனு மேல் மனு போனது. பல ஊர்களில் இதே கதை போலிருக்கிறது. உப்பளப் பாதை, தோப்புப் பாதை, கரையோரப் பாதை என்று ஆளாளுக்கு அடைத்துக்கொண்டே வந்ததில், மேலிடத்தில் ஒரு குழு போட்டார்கள். ஏரிக்கரைப் பொதுவழி ஆலோசனைக் குழு. எந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அது ஆலோசனை சொல்லும். எந்த ஆபீஸ், அது எந்த ஊரில் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் யார் உருண்டு புரள்வது?

எங்கள் ஊருக்கும் கடிதம் வந்தது. மீன்பிடிக்கிற மக்கள் சார்பில் ஓர் உறுப்பினரின் பெயரை அனுப்பவும் என்று.

ஏரியையே நம்பிப் பிழைக்கிற எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி. எப்போதாவது வந்து பறவை பார்க்கிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. இதற்கே நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாற்காலியாவது கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட்டேன். நம்மைப் பழக்கி வைத்திருக்கிற அழகு அது!

ஊர்க் கூட்டத்தில் தலைவர் ஏழுமலை அண்ணன் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஊரில் நான்தானே எழுதுகிற ஆள்.

"மாசத்துக்கு ஒரு மீட்டிங்காம் ராணி. ஒரு ஆளு பேரு கேக்கறாங்க. யாரு போறது?"

ஆளாளுக்குப் பக்கத்து ஆளைக் காட்டினார்கள். போனால் அன்றைய தொழில் போச்சு. கடைசியில் தேசப்பன் மச்சான்தான் சொன்னார்.

"ஒருத்தனே இன்னாத்துக்கு மாசாமாசம் சாவணும்? சீட்டுப் போடு தலைவரே. பாடு கணக்கா முறை வெச்சிக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

பாடு என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்காக... ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் விழாது. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் அள்ளும். சில இடங்களில் வலை காய்ந்து வரும். அதனால் எந்த இடமும் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். இன்றைக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு. இதுதான் பாடு. அடிதடி, கோர்ட்டு, போலீஸ் எதுவும் வேண்டாம். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார்கள், பாட்டை மட்டும் மீற மாட்டார்கள்.

"அந்தத் தோப்புல நடக்கறது கன்னிக்கா ஆளுங்கதானே? அவங்க பேரையும் சீட்டுல எழுத வேணாமா?" என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று பயந்தேன்.

"பாட்டுல அவங்களுக்கு இன்னா வேலை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "யாருடா அவன்? ஏரியிலயா எடம் குடுக்கறோம்? மீட்டிங்குக்குத்தானே! நீ போறியா? போறேன்னு சொல்லு, இப்பவே உன் பேர எழுதிடறேன்."

சீட்டில் அவர்கள் பெயரையும் எழுதினேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யாருக்கும் வேண்டாத நாற்காலி என்பதால்தான் அந்தச் சீட்டில் அவர்கள் பெயர் ஏறியது. ஏரிப் பாட்டில் ஒருநாளும் ஏறாத பெயர்.

முதல் மாதம் தேசப்பன் மச்சானுக்கு விழுந்தது. இரண்டாவது மாதம் என் வீட்டுக்காரருக்கு. மூன்றாவது மாதம் கன்னியம்மாவுக்கு. 'எங்கள் ஊர் சார்பில் பாடு முறைப்படி' என்று ஆரம்பித்து மூன்று பெயரையும் வரிசையாக எழுதினேன். நான்கு தாள் கிழித்து ஐந்தாவது தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் இதற்குப் பயப்படவில்லை. ஆபீஸில் இது புரியுமா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. முறை வைத்துக்கொள்வது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுவதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

முதல் மாதம் தேசப்பன் மச்சான் போய்விட்டு வந்தார். எல்லோரும் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களாம். டீ கொடுத்தார்களாம்.

இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரர் போனார்.

"இன்னா பேசினாங்க?"

"நெறைய பேசினாங்க. என்னைப் பின்னாடி சேர்ல குந்த வெச்சாங்க. பிஸ்கட் நல்ல பிஸ்கட்டு."

"கையெழுத்து வாங்கினாங்களா?"

"இல்லியே. நான் இன்னா பத்திரம் முடிக்கவா போனேன்?"

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம், கன்னிக்காவுக்குத் துணையாக நானும் போனேன். அந்த மாதம்தான் எங்கள் தோப்புத் தடம் பேச்சுக்கு வருவதாக இருந்தது. நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் அக்கா. பஸ்ஸில் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

அங்கே போனால், லிஸ்டில் இல்லை என்கிறார் எழுத்தர்.

நான் அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினேன். அதற்கும் மூன்று காப்பி வைத்திருந்தேன்! அவர் படித்துப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்.

"இதுல முதல் பேருதாம்மா மெம்பர். தேசப்பன். அவர் ரெண்டு மீட்டிங்கா வரல. போன மாசம் ஆப்சென்ட், இந்த மாசம் ஆப்சென்ட். தொடர்ந்து ரெண்டு தடவை வரலைன்னா பதவி ரத்து. ரூல்ஸ்."

"வந்தாங்களே சார்! போன மாசம் எங்க வீட்டுக்காரரு வந்தாரே. இதோ இப்ப இவங்க வந்திருக்காங்களே!"

"அவங்கல்லாம் வேற ஆளுங்கம்மா."

"ஊரு ஒண்ணுதானே சார்?"

"ஊருக்கெல்லாம் மெம்பர்ஷிப் கிடையாது. ஆளுக்குத்தான்."

இந்த இடத்தில்தான் எனக்குக் காது சூடானது. ஒரு தடவைகூடத் தவறாமல் ஆள் அனுப்பிய ஊர் நாங்கள். எங்களுக்கு ஆப்சென்ட்! பாடு என்று எழுதியிருக்கிறதே, என்னவென்று ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம் இல்லையா? கடிதத்தில் என் நம்பர் இருந்தது. ஏரிக்கரை மக்களின் வழியைப் பற்றி ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருக்கிற குழுவில், ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வார்த்தை ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை. தெரிந்துகொள்ளாமலே எங்கள் பெயரை அடித்தார்கள் பாருங்கள், அது தப்பு.

வெளியே அனுப்பவில்லை. அந்த மட்டும் நல்லவர்கள். 'பொதுமக்கள்' என்று பின்னால் உட்கார வைத்தார்கள். பொதுமக்கள் பேசுவதற்குக் கடைசியில் பத்து நிமிஷம் உண்டாம்.

சுவரில் பெரிய படம் விழுந்தது. தோப்பின் வரைபடம். சர்வேயர் குச்சியால் காட்டினார். பழைய பதிவுகளில் தோப்புக்குள் பாதை எதுவும் காணவில்லை என்றார். மேனேஜர் தலையாட்டினார். அப்படியே இருந்தாலும் அது கரையோடு முட்டி நின்றுவிடுகிறது, எங்கேயும் போய்ச் சேராத வழியை எப்படிப் பொதுவழி என்பது என்று கேட்டார்.

கன்னிக்கா எழுந்துவிட்டார்.

"எங்க வழி கரையோட முடியல சார். தண்ணிக்குள்ள போவுது. ரெண்டு பக்கம் ஆழம், நடுவுல மேடு. அந்த மேட்டு மேல நடந்துதான் அம்மாந்தூரம் போறோம். உன் படத்துல அங்க நீலக் கலர் பூசிட்டா வழி இல்லாமப் பூடுமா?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி கையைக் காட்டினார். "பொதுமக்கள் கடைசியில் பேசலாம்."

பறவைச் சங்கத்து அம்மா ஒருவர், கனிவான முகம், கனிவான குரல், ஆட்கள் நடமாட்டம் குறைந்தால் பூநாரைகளுக்கு நல்லது என்றார்.

"பூநாரை எங்க பக்கத்துலதாம்மா மேயுது" என்றார் கன்னிக்கா உட்கார்ந்தபடியே. "நான் குனிஞ்சா அதுவும் குனியும். உங்க கேமராவப் பாத்துதான் பறந்து ஓடுது."

"கடைசியில்... கடைசியில்..."

கடைசி என்று ஒன்று வரவே இல்லை. சாப்பாடு வந்துவிட்டது. அதற்கு முன்னால் அவசர அவசரமாக ஒரு முடிவு எழுதினார்கள். உரிமையாளர் பெருந்தன்மையோடு சம்மதித்ததன் பேரில், தோப்பு கேட் தினமும் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்.

எப்படி? ஒன்பது முதல் ஐந்து!

ஐஸ் வண்டி கிளம்புகிற நேரத்தில் கேட் திறக்கும். இறால் என்ன ஆபீஸ் உத்தியோகமா பார்க்கிறது? காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகுமா? இதைச் சொல்ல அந்த மேஜையில் ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். அந்த ஓர் ஆள் வந்திருந்தார். பின் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

எல்லோரும் கை கழுவப் போனார்கள். நான் போய் அதிகாரி எதிரில் நின்றேன். ஐஸ் வண்டி, தண்ணீர் வற்றுகிற நேரம், பாடு, சீட்டு எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். கெட்ட மனுஷர் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா எனக்கு ஒரே பேரு வேணும். மாத்தி மாத்தி வந்தா யார்கிட்ட பேசினோம், யார் ஒத்துக்கிட்டாங்கன்னு எப்படி எழுதறது? பத்து நாளுக்குள்ள நிரந்தரமா ஒரு பேரு கொடுங்க. இந்த விஷயத்தைத் திரும்ப எடுக்கறேன். இல்லைன்னா இதுதான் ஃபைனல்."

நிரந்தரமாக ஒரு பெயர். இதைக் கேட்டதும் எங்கள் ஊர் என்ன ஆனது என்கிறீர்கள்?

அதுவரை யாருக்கும் வேண்டாத நாற்காலி. நிரந்தரம் என்றதும் நான்கு பேருக்கு வேண்டியிருந்தது! தேசப்பன் மச்சான் முதல் ஆளாக எழுந்தார்.

"எம் பேரு ஏற்கெனவே அங்க பதிஞ்சிருக்குது. நானே இருந்துட்டுப் போறேன்."

"ஏன் மச்சான், மாசாமாசம் சாவ முடியாதுன்னே?"

"அப்ப சொன்னேன். இப்ப ஊருக்காக..."

"ஊருக்காகவா? நாளைக்கு விசிட்டிங் கார்டு அடிச்சிக்கினு திரிவே நீ!"

கூச்சல் ஏறியது. அப்போது தலைவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அப்புறம்தான் எல்லோரும் அடங்கினார்கள்.

"இன்னிக்கி ஒருத்தனுக்கு ஒரு எடத்த நிரந்தரமா குடுத்தோம்னு வெய்யி. நாளைக்கு அவன் ஏரியில கேப்பான். 'அங்க குடுத்தீங்களே, முகத்துவாரத்துல எனக்கு ஒரு எடம் நிரந்தரமா குடு'ம்பான். அப்ப இன்னா சொல்லுவே?"

சரிதானே? பாடு என்கிற கட்டுமானம் முழுக்க, யாருக்கும் எதுவும் நிரந்தரம் இல்லை என்பதில்தான் நிற்கிறது. ஒரு செங்கல்லை உருவினால்? எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆபீஸுக்கு ஒரே பெயர் வேண்டும். ஊருக்கு ஒரே பெயர் ஆகாது. பத்து நாளில் ஆறு நாள் இதிலேயே போனது.

ஏழாம் நாள் ஒரு வழி பிறந்தது. யார் சொன்னது என்று தெரியவில்லை. சொன்னவுடனே எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

"ஏரிப் பாட்டுல பங்கே இல்லாத ஆளுக்குக் குடுத்துட்டா? அப்ப நாளைக்கு வந்து எடம் கேக்க முடியாதுல்ல?"

பாட்டில் பங்கே இல்லாத ஆள் யார்? கன்னியம்மா.

நல்ல முடிவுதான். நானும் கை தட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகு கை ஓடவில்லை. அந்தத் தடத்தில் நடக்கிறவர், தண்ணீரைத் தெரிந்தவர், அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழுந்து பேசிய ஒரே ஆள் — இதற்காகவெல்லாம் கன்னிக்காவைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏரியில் அவருக்கு நாங்கள் எதுவும் கொடுத்ததில்லை. இனியும் கொடுக்க வேண்டியிருக்காது. அதற்காகத் தேர்ந்தெடுத்தோம். ஆபீஸ் லிஸ்டில் அவர் இல்லை என்று கோபப்பட்டேனே, எங்கள் ஊர் லிஸ்டில் மட்டும் இருக்கிறாரா?

அக்காவிடம் போய்ச் சொன்னது தலைவரும் நானும். அக்கா பறியைப் பின்னிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனுக்கு எதுக்கு ராணி? அன்னிக்கிப் போனதுக்கே ஒரு நாள் போச்சி. அன்னிக்கினு பாத்துத் தண்ணி நல்லா வத்தியிருந்துது. எங்காளுங்க எல்லாம் பறி நெறைய அள்ளிக்கினு வந்தாளுங்க."

"உன் வழிக்குத்தானே கன்னிம்மா?" என்றார் தலைவர்.

"எனுக்கு மட்டுமா வழி? வேலி போட்டவன் இன்னிக்கி என் வழியில போட்டான். நாளைக்கி உன் படகு கட்டற எடத்துல போட மாட்டானா? அப்ப நீ எந்த மீட்டிங்குக்குப் போவே?" கடைசி முடிச்சை இழுத்து இறுக்கினார். "வரேன். ஆனா நான் வர நாளுக்கு என் பொழப்புக்கு யாரு பதிலு? உங்க வூட்டு ஆம்பள ஒருநாள் போலன்னா, மத்தவங்க போடற வலையிலயாவது எதுனா விழும். நான் எறங்கலன்னா எனுக்கு ஒண்ணுமில்ல."

நியாயமான கேள்வி. இதே கேள்வியை அந்தக் குழுவைப் போட்டவர்களும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது சம்பள நாள். அன்றாடம் பிடித்துச் சாப்பிடுகிறவளுக்குத்தான் ஆலோசனை சொல்ல ஒரு நாள் பட்டினி. மக்களின் குரல் கேட்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் குரல் இலவசமாகத்தான் வேண்டும் என்கிறார்கள்!

ஊர் ஒப்புக்கொண்டது. கூட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் இறாலின் விலை, நானூறு ரூபாய், ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து. ஊர் நோட்டில் நானே எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள், ஒரே பெயருடன் கடிதத்தைக் கொண்டுபோய் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். சீல் மங்கலாக இருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன். போட்டார்.

அதற்கப்புறம் கன்னிக்கா மூன்று நாள் போனார்.

முதல் நாள் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றார். பழையபடி சுவரில் படத்தைப் போட்டார்கள். அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

"படத்த அணைச்சிடு சார். ஒரு நாள் காலையில வா. வழி எங்க கீதுன்னு காட்டறேன். காட்ட முடியலன்னா நீயே பூட்டு போட்டுக்க. நான் கேக்க மாட்டேன்."

இரண்டாம் நாள் அதிகாரி மெய்யாலுமே வந்துவிட்டார். சர்வேயர், பேராசிரியர், பறவை அம்மா, மேனேஜர் எல்லோரும் விடிகிற நேரத்துக்குத் தோப்பு வாசலில் வந்து நின்றார்கள். கன்னிக்கா முன்னால் நடந்தார். சருகு மூடியிருந்த தோப்பில் தடம் எங்கே போகிறது என்று கீழே பார்க்காமலே நடந்தார். கரை வந்தது. நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கினார். அதிகாரி பேன்ட்டை மடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார். நூறு அடி, இருநூறு அடி... தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை. சர்வேயர் நம்பிக்கை இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிக் காலை வைத்தார். இடுப்புக்கு மேல் போய்விட்டார். அக்காதான் கையைப் பிடித்து இழுத்து மேட்டில் ஏற்றினார்.

"சொன்னேனே சார், நீலக் கலர்லயும் வழி கீதுன்னு."

எனக்கு மட்டும் கரையில் நின்றபடி வேறு கவலை. அதிகாரிக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் ஊர் மேல் கேஸ் வருமே!

மூன்றாம் நாள் முடிவு எழுதினார்கள். கேட் இருக்கலாம். ஆனால் வேலியில் தடம் இருக்கிற இடத்தில் ஓர் ஆள் பறியோடு நுழைகிற அகலத்துக்குத் திறப்பு விட வேண்டும். அதற்குக் கதவு கூடாது, பூட்டு கூடாது, நேரம் கூடாது. தடம் இனி வரைபடத்தில் ஏற வேண்டும். மேனேஜர் முனகினார். ஆனாலும் மறு வாரம் கம்பியை வெட்டிவிட்டார்கள். நானே போய் நுழைந்து பார்த்துவிட்டு வந்தேன். இது ஆலோசனைதானே, நாளைக்கு வேறு அதிகாரி வந்து வேறு ஆலோசனை சொன்னால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் இன்றைய தேதிக்கு அக்காவின் இறால் ஐஸ் வண்டிக்கு முன்னால் வந்து சேர்கிறது.

இதோடு முடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆபீஸைத் திட்டினோம், ஜெயித்தோம், சுபம்! அப்படி முடிக்க என் மனசு ஒப்பவில்லை.

போன வாரம் ஊர் நோட்டைப் புரட்டினேன். கன்னிக்கா பெயரில் நூறு ரூபாய் கொடுத்ததாக ஒரு வரி. அவ்வளவுதான். தலைவரிடம் கேட்டேன்.

"கோயில் செலவு வந்துடுச்சி ராணி. திருவிழா முடியட்டும், பாக்கலாம்."

"அண்ணே, அவங்க வழிக்காக மட்டுமா போனாங்க? படகு கட்டற எடத்துக்கும் வேலி வராம இருக்க அந்தத் தீர்மானம்தானே காவல்?"

"யாரு இல்லன்னாங்க? அதான் பாக்கலாம்னு சொல்றனே. அவங்களே கேக்கல, நீ இன்னாத்துக்குப் பேஜார் பண்றே?"

கேட்கவில்லையாம்! கேட்காதவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது எந்த ஊர் ரூல்ஸ்? லிஸ்டில் இல்லை என்று சிரித்த எழுத்தரை நான் என்னவெல்லாம் திட்டினேன்! அவராவது ரூல்ஸ் புத்தகத்தைக் காட்டினார். நாங்கள் எதைக் காட்டுவோம்? எங்கள் பாட்டில் ஒரு நாள் முறை தவறினால் அன்றைக்கே பஞ்சாயத்துக் கூடுகிறது. இவருக்குச் சொன்ன சொல் தவறி இரண்டு மாதம் ஆகிறது, ஒருவர்கூடக் கூடவில்லை. பத்திரிகையில் போட்டு ஊர் மானத்தை வாங்குகிறாள் என்று நாளைக்கு என் வாசலில் நான்கு பேர் வந்து நிற்பார்கள். அந்தப் பயம் இப்போதே வந்துவிட்டது. வரட்டும். வரும்போது வெறுங்கையோடு வர வேண்டாம்.

சீட்டில் பெயர் விழுந்து அவர் போன அந்த முதல் நாளைச் சேர்க்காமலே சொல்கிறேன். மூன்று நாள், நாளுக்கு நானூறு, அதில் கொடுத்தது நூறு. ஊர் கன்னியம்மாவுக்குத் தர வேண்டிய பாக்கி, ஆயிரத்து நூறு ரூபாய்.